அப்பா புதைத்த கோப்பைகள்

அக்கா,

போர்வைக்குள் எழுதுகிறேன். அப்பா இருமினாலே டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

ஆங்கில வகுப்பில் இன்று ‘டிக் அப்’ என்ற சொற்றொடரை நடத்தினார்கள். மண்ணில் இருப்பதைத் தோண்டி எடுப்பதற்கும், மறைத்த விஷயத்தை வெளியே கொண்டுவருவதற்கும் அதையே சொல்லலாமாம். ஒரு வாக்கியம் கேட்டார் டீச்சர். “அப்பா புதைத்த அக்காவின் ஓட்டப்பந்தயக் கோப்பைகளை நான் தோண்டி எடுத்தேன்” என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பொய்யில்லை. நீ விரும்பியவரோடு போன அன்றே புதைத்துவிட்டார்.

“ஏன்டி, உருளைக்கிழங்கைத் தோண்டினேன்னு எழுதினா ஆகாதா? இதை அழி. இல்லேன்னா நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா.”

அழிக்கவில்லை.

டீச்சர் சொல்லி அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். கட்டிலடியில் ஒளித்திருந்த கோப்பைகளைத் துலக்கி, கூடத்து அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டேன். விடிந்ததும் அவற்றின் முகத்தில்தான் விழிப்பார். அடிக்கட்டும். மறுபடி புதைக்க மட்டும் விடமாட்டேன்.

உன் தங்கை