இடது முன் சக்கரம்

ஜனவரி 17, சனி

ஏழு மணி வரை பனி. துணி காயவில்லை. மூக்கடைப்பு.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஒரு வாரம் லீவு சொல்லியாச்சு. நான் இல்லாமல் கவுண்டரில் ஒருத்தனுக்கும் பேரிங் நம்பர் தெரியாது. தேடட்டும்.

வேலை: எங்கள் பழைய காரில் முன்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் வைப்பது. வெள்ளிக்கிழமை அண்ணனுக்குப் பெண் பார்க்கத் திருச்செந்தூர் போகணும். டிஸ்க் வைத்தால்தான் அந்த வண்டியில் ஏறுவேன் என்கிறார் அப்பா. ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்று அண்ணன் ரெண்டு தடவை சொன்னான். என்னால் வந்த வினை, நானே செய்கிறேன் என்று நான்தான் பிடிவாதம். ஆட்டோமொபைல் டிப்ளமோ வீட்டில் வேறு யார் படித்தார்கள்?

நவம்பரில் அண்ணனிடம் சாவி வாங்கி நான் ஓட்டினேன். முருகன்குறிச்சியில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக் அடித்தேன். வண்டி வலது பக்கம் இழுத்துப் போய் நடுச்சுவரில் மோதியது. பக்கத்து சீட்டில் அப்பா. மணிக்கட்டு ரெண்டு துண்டு. கட்டுப் பிரித்தும் விரல் மடங்கவில்லை, அம்மாதான் சோறு ஊட்டுகிறாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அப்பா, "பொம்பளப் பிள்ளை கையில வண்டிய விட்டேம்பாரு."

டிஸ்சார்ஜ் அன்று அப்பா காலில் விழுந்து அழுதேன். பதற்றத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேன் என்றுதான் நானும் நம்புகிறேன். சாவி அண்ணனிடம். அவனும் வண்டியை எடுப்பதில்லை.

பழைய வண்டி உடைப்புக் கடையில் வாங்கியது:
டிஸ்க் 2, அதைக் கவ்வும் காலிப்பர் 2, சக்கரம் மாட்டும் ஹப் 2
வெளி ஜாயிண்ட் 2 (ஹப்புக்குள் நுழையும் ஆக்ஸில் நுனி. புது ஹப்புக்குப் பல் எண்ணிக்கை வேறு. பழைய ஜாயிண்ட் சேராது. ஆக்ஸிலைக் கழற்றி அதையும் மாற்றணும். தலைவலி.)
கிரீஸ்
தலைவலித் தைலம்

ஜனவரி 18, ஞாயிறு

உள்ளங்கையெல்லாம் கொப்புளம். எழுத்து கோணல்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, ரெண்டு முன் சக்கரத்தையும் எடுத்தாச்சு. அடுத்தது ஆக்ஸில் நட்டு. டிரம் சுற்றாமல் இருக்க, அம்மாவை உள்ளே உட்கார்த்தி பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்.

வலது பக்கம்: ஸ்பானரில் நாலடிப் பைப்பைச் செருகித் தொங்கினேன். விட்டது.

இடது பக்கம்: நட்டோடு டிரம்மும் சேர்ந்து சுற்றுகிறது.

"அம்மா, மிதி."

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நல்லா மிதிம்மா."

"ஏட்டி, இதுக்கு மேல மிதிச்சா தரை ஓட்டையாயிரும்!"

டார்ச்சோடு அடியில் படுத்தேன். இடது சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாயை அறுத்து, நுனியை ரெண்டு மடிப்பு மடக்கி, சுத்தியலால் நசுக்கி வைத்திருக்கிறது. ஆயில் போக வழியே இல்லை. ரப்பர் ஹோஸ் சும்மா தொங்குகிறது, ஆடாமலிருக்க ஒரு சிவப்புத் துணிக் கட்டு. ஜரிகை தெரிகிறது. போன அக்டோபரில் இந்த வண்டியில் குலசை தசராவுக்குப் போய் அண்ணன் காளி வேஷம் கட்டியபோது அம்மா கிழித்துக் கொடுத்த சேலை.

அக்டோபரிலிருந்து இடது முன் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை. வலது மட்டும் பிடித்தால் வண்டி வலது பக்கம்தான் இழுக்கும். இது ஒரு டிப்ளமோக்காரிக்கு ரெண்டு மாதமாகத் தோன்றவில்லை. செருப்பால் அடிக்கணும் என்னை. அவனை முதலில்.

அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவள் அப்படி மிதிக்க மாட்டாள்.

ஜனவரி 19, திங்கள்

அண்ணன் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் குழாயைக் காட்டினேன்.

"குலசை போற வழியில லீக்காயிட்டு. ரோட்டோரத்துல ஒருத்தரு மடக்கி விட்டாரு. மூணு சக்கரம் பிடிச்சா ஊரு போய்ச் சேரலாம்னாரு. வந்து மாத்தணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"நான் சாவி கேட்டன்னைக்கும் மறந்துட்டியோ?"

சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிறான்.

"இப்பமே அப்பாட்ட சொல்லு."

"அப்பாவுக்குத் தெரியும்ட்டி."

அப்பா வராந்தாவில், விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு. போய்க் கேட்டேன். ஒளிக்கவில்லை.

"இடிச்சன்னைக்கே ஆஸ்பத்திரியில வச்சு சொல்லிட்டான்."

"பொறவு ஏம்ப்பா என்னைய..."

"அவனுக்குப் பொண்ணு பாக்கோம்லா. பொறுப்பில்லாதவன்னு பேரு வந்தா எவன் குடுப்பான்? நீ பொம்பளப் பிள்ளை. ஓட்டத் தெரியலன்னு நாலு நாள் பேசுவாவ, மறந்துருவாவ." எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி ஆயிருமா?"

நான் காலில் விழுந்தபோது அவருக்குத் தெரியும். தலையில் கை வைத்து "சரி, எந்திரி" என்றார். என்ன பெரிய மனசு என்று நினைத்தேன் அன்றைக்கு.

ஜனவரி 20, செவ்வாய்

சாப்பிடவில்லை. அம்மா ரெண்டு தடவை தட்டோடு வந்து போனாள்.

ரெண்டு ஆக்ஸிலும் வெளியே. ரப்பர் உறையைக் கிழித்ததும் கறுப்பு கிரீஸ், முழங்கை வரை. உள்ளே ஒரு சின்ன வளையம்தான் ஜாயிண்டைப் பிடித்திருக்கிறது, பித்தளைத் தண்டு வைத்து ஓங்கி அடித்தால் விட்டுவிடும். வலது மூன்று அடி. இடது முப்பதுக்கு மேல். யாரை நினைத்து அடித்தேன் என்று எழுத மாட்டேன். அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஏட்டி, பைய அடி, பிள்ள தூங்குது" என்றாள். அழுகை வந்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

புது ஜாயிண்ட், டிஸ்க், புதுக் குழாய். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுத்தாச்சு. மிதித்தது அம்மா. பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். அறுபதில் மிதித்தால் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கிறது.

அண்ணன் சாவிக்குக் கை நீட்டினான். தரவில்லை. நான் ஓட்டினால் வண்டி போகும், இல்லையென்றால் நீங்கள் பஸ்ஸில் போங்கள் என்றேன். 

ஜனவரி 23, வெள்ளி

நான்தான் ஓட்டினேன்.

பெண் வீட்டில் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. பெண்ணின் மாமா அப்பாவின் மடங்காத விரலைப் பார்த்துக் கேட்டார், "கையில என்ன அண்ணாச்சி?"

அப்பா அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சின்ன ஆக்சிடென்ட்டு. மகதான் ஓட்டினா."

இன்றைக்கும். எல்லாம் வெளிப்பட்ட பிறகும். என் முகத்துக்கு நேரே.

"பிரேக் இல்லாத வண்டியத் தந்தாவ மாமா, ஓட்டினேன்" என்றேன். "இல்லன்னு தெரிஞ்சும் தந்தது இங்கன இருக்க மாப்பிள்ளை."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அண்ணன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

காபித் தட்டோடு வந்த பெண் வாசல்படியிலேயே நின்றாள். தட்டை அங்கேயே தரையில் வைத்தாள்.

"அக்கா, உள்ள வாங்க. விவரமாச் சொல்லுங்க."

போனேன். சொன்னேன்.