தண்ணி நண்டு

புரட்டாதி, செவ்வாய்க்கிழமை. ஊர்காவற்றுறை.

எங்கள் நண்டுக் கொம்பனியில் பங்கு சேர யோசிக்கும் கொழும்பு ஐயா இன்று வந்தார். மற்றவர்களிடம் இல்லாதது எங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லியிருந்தார். குளிர் அறை, ஐஸ் மெஷின், லொறி என்று எழுதிப் பெருமையாக நீட்டினேன்.

“இதெல்லாம் காசிருந்தால் ஆரும் வாங்கலாம். வாங்க ஏலாதது என்ன இருக்கு?” என்று கேட்டார். நான் அவரை நண்டுக் கூடைகளின் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

கூடையிலிருந்து பெரிய நண்டொன்றைத் தூக்கி மெச்சினார். பக்கத்தில் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஸ்ரெல்லா அக்கா அதை வாங்கி, வயிற்றை விரலால் ஒருதரம் அமுக்கினார்.

“இது தண்ணி நண்டு ஐயா. உள்ளுக்குச் சதையில்லை.”

உடைத்துப் பார்த்தோம். தண்ணீர்தான் வழிந்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் அனுப்பிய நண்டுப் பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வராதது அந்த விரலால்தான்.

“இவ ஆர்?” என்றார் ஐயா.

“கூலிக்கு வாறவ,” என்றேன், அக்காவின் முகத்துக்கு முன்னாலேயே. என் பட்டியலில் இல்லாத ஒருவர் என்னைவிடக் கெட்டிக்காரராக நின்றது பொறுக்கவில்லை. நினைக்கவே கூசுகிறது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “ஓம் ஐயா, கூலிக்குத்தான் வாறனான். ஆர் கூப்பிட்டாலும் போவன்.”

ஐயா அக்காவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பின்னேரம் வேலை முடிந்து போகும்போது அக்காவின் வழமையான “போட்டு வாறன் தம்பி” கேட்கவில்லை. இப்போது நானும் பட்டியலில் முதலாவதாக அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன். நாளைக் காலை அனலைதீவுப் படகில் அக்கா வராவிட்டால் அந்தப் பெயரை வெட்ட வேண்டும்.