எண்பது நொடி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முசுடு உயிரோடு இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

நாய்களுக்கு வரும் இந்த இதயப் புழுவுக்கான கடைசி ஊசி போட்டு ஆறு நாள் ஆகிறது. செத்த புழுக்கள் துண்டு துண்டாக நுரையீரலில் போய் அடைக்கும். அவற்றைச் சுற்றியே உறைந்து ரத்தம் தன் உறையும் சரக்கைத் தீர்த்துவிட்டால், வேண்டிய இடத்தில் உறையாது. அதனால் டாக்டரம்மாவின் மிருக ஆஸ்பத்திரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் நானே ரத்தம் எடுக்கிறேன், என் வேலையே அதுதானே. உடம்புச் சூடு வேண்டுமென்பதால் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு நொடி எண்ணுகிறேன். நடுநடுவே எடுத்துச் சாய்த்துப் பார்ப்பேன். தொண்ணூறுக்குள் உறைய வேண்டும். இன்று நூற்றைம்பது.

கூண்டை விட்டு அசையக் கூடாது, துள்ளவே கூடாது. மாத்திரை ஊட்டுவது நான், அள்ளிக் கொட்டுவது நான். ஐந்தரை மணியானால் அவன் பார்ப்பது கதவை. நீ வேலை விட்டு வரும் நேரமாம். நீ ஊரை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆனதை யாராவது அவனிடம் சொன்னால் தேவலை.

உன் தங்கை

மார்ச் 10

என் செல்லக் குட்டிக்கு,

உன் கடிதத்தில் எத்தனை "நான்"! சாக்கடையோரம் கிடந்தவனைத் தூக்கி வந்து சொட்டு சொட்டாகப் பால் புகட்டியவள் யாரென்று மறந்துவிட்டதா? கோபிக்காதே. இங்கே ராத்தூக்கம் இல்லை.

முற்றம் வைத்த வீடு கிடைத்திருக்கிறது. குணமானதும் அவனை அழைத்துக்கொள்வேன். 20ஆம் தேதி லீவு போட்டு, பார்க்க மட்டும் வருகிறேன். என் பழைய சட்டையைத் துவைக்காமல் அனுப்பியிருக்கிறேன். கூண்டில் போடு.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

வராதே. இன்று நூற்று அறுபது. உன் குரல் கேட்டால் எழுந்து குதிப்பான், பிறகு நான் பொறுப்பில்லை. டாக்டரம்மாவும் அதையேதான் சொல்கிறார்.

சட்டையைப் போட்டேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே, நாய்தானே.

தங்கை

மார்ச் 22

குட்டிக்கு,

வந்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. உள்ளே வராமல் ஜன்னலோரம் நின்றேன். நீ குழாயை இடுக்கிக்கொண்டு உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாய். அவன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை அப்படி அவன் பார்த்ததாக ஞாபகம் இல்லை. வயிறு எரிந்தது.

டாக்டரம்மா பின்னால் வந்தார். "அக்காதானே நீங்க? மூக்கே காட்டிக்குடுக்குதே! உள்ள போங்க, சத்தம் போடாம பாத்துட்டு வாங்க."

"ரத்தம் உறையலைன்னு எழுதியிருந்தாளே?"

"யாரு சொன்னா? பதினாலாம் தேதியே எண்பதுக்கு வந்தாச்சு. தங்கச்சி சொல்லலையா?"

மறந்திருப்பாள் என்றேன். அப்போதுதான் ஜன்னல் வழியே, உள்ளே அலமாரியில், கையுறைப் பெட்டிக்கு மேலே, என் கையெழுத்தோடு அந்தச் சட்டைப் பார்சலைப் பார்த்தேன். கட்டிய நூல்கூட அவிழவில்லை.

திரும்பி வந்துவிட்டேன். அவனை விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதே. கூண்டை விட்டு இறக்கலாம் என்று அவர் சொல்லும் நாளில் வருவேன். அதுவரை வேறெதுவும் எழுத வேண்டாம், எண்ணை மட்டும் எழுது. அவன் விஷயத்தில் உன் ஒரு வார்த்தையைத்தான் நம்பிக் கிடக்கிறேன், வேறு வழியில்லை.

அக்கா

மார்ச் 26

அக்கா,

எண்பது நொடி. மூன்று முறை எண்ணினேன்.

பார்சலைப் பிரித்தேன். சட்டையைக் கூண்டுக்குள் வைத்ததும் மூன்று சுற்று சுற்றி அதன்மேல் படுத்தான். காலர் பக்கமாக மூக்கைப் புதைத்துக்கொண்டான். ஐந்தரை மணிக்குக் கதவைப் பார்க்கவில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், காதுகூட அசையவில்லை.

எனக்கு இன்னும் எரிகிறது. ஆனாலும் இன்றைய எண் எண்பதுதான்.

தங்கை