தண்ணீர் வந்ததை எழுதவில்லை

இன்று காலை குழாயில் தண்ணீர் வந்து வாளி நிரம்பிவிட்டது. அடுத்த பாத்திரத்துக்குக் கை நீட்டினால், நேற்று பரணிலிருந்து இறக்கிய உன் வெள்ளைக் கேன். திறந்ததும் அடைபட்ட பிளாஸ்டிக் வாடை. நகப்பூச்சால் நீ எழுதிய முதலெழுத்து இன்னும் அழியவில்லை.

ஆசிரியர் பயிற்சி விடுதியில் ஒரே அறை நமக்கு. நான் வாக்கப்பட்டுத் தூத்துக்குடி முத்தையாபுரத்துக்கு வந்தேன். நீ நாசரேத்திலேயே டீச்சர் ஆனாய். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், ஏரல் வழி பஸ்ஸில், அந்தக் கேன் நிறைய உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரோடுதான் வருவாய். "என்ன டீச்சர், சீர் கொண்டு போறியளா?" என்று கண்டக்டர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். ஆனால் விருந்துக்கு வருகிறவள் இந்த ஊர்த் தண்ணீரைச் செலவழிக்கக் கூடாது என்பதில் நீ கறார்.

உன்னை அப்படிப் பயமுறுத்தியது நான்தான். எத்தனை கடிதம்! "எட்டு நாளா சொட்டுத் தண்ணி இல்ல ஏளா." "ஒரு குடத்துக்காக அடுத்த வீட்டுக்காரியோட சண்டை." கொஞ்சம் கூட்டியும் எழுதினேன். நீ இரக்கப்படுவது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு புதுக் குழாய் பதித்தார்கள். குழாயடிச் சண்டை ஓய்ந்தது. எழுத விஷயமில்லாததால் கடிதமும் நின்றது. முட்டுவலியால் நீ வருவதும் நின்றது. கடைசியாக வந்தபோது விட்டுப்போன கேன் பரணுக்கு ஏறியது. போனில் பேசினால் பிள்ளைகள் கதைக்கே நேரம் சரியாக இருந்தது.

என் மகன் சாம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உன் மகள் மெர்சி. நான் நாசரேத்துக்கு வந்து பெண் கேட்டேன். நீ காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாய்: "ஒன் மவன் தங்கமான பையன். ஆனா கொடம் தூக்குற ஊருக்கு எம்பிள்ளைய எப்படி அனுப்புவேன்? நீ எழுதுனத நீயே மறந்துட்டியா?"

இப்போது தண்ணீர் வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. "எங்க ஊர் எங்களுக்கு இருக்கட்டும்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மெர்சியைச் சென்னையில் கொடுத்தாய். முதல் கோடையிலேயே அவள் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பதாகக் கேள்விப்பட்டேன். சிரிப்பு வந்தது, சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. சாமுக்குச் சாத்தான்குளத்துப் பெண். என் மருமகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நல்ல பிள்ளை. இருந்தாலும் அன்றைக்கு நான் திரும்பி வந்து சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்தேனே.

போன வருஷம் நீயும் போய்விட்டாய்.

மெர்சியின் வீட்டுக்காரருக்கு இங்கே புதிதாக வந்த தொழிற்சாலையில் வேலை. போன மாதம் குடிவந்தார்கள். வண்டியைத் திறந்தால் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில்! உன் பிள்ளை அல்லவா. அகலமான ரோடு, கடற்கரைப் பூங்கா, பெரிதாகிவிட்ட விமான நிலையம் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, "சினிமால தூத்துக்குடின்னா அருவாளத்தான் காட்டுதாங்க. இது வேற ஊரால்லா இருக்கு, அத்தை" என்றாள். பெருமழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்பதையும் சொல்லிவைத்தேன். இனிமேல் எதையும் மறைக்கப் போவதில்லை.

கை கழுவக் குழாயைத் திறந்தவள் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இது எப்பத்துல இருந்து வருது, அத்தை?"

"ரொம்ப நாளா" என்றேன்.

எந்த வருஷம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "ஒன் கல்யாணத்துக்கு முந்தியே" என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். தண்ணீர் இல்லை என்று உனக்கு அத்தனை கடிதம் எழுதினேன். வந்துவிட்டது என்று ஒரு வரி எழுதவில்லை.

கேனைத் தேய்த்துக் கழுவி நிரப்பி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாசரேத் வருகிறேன், அதே ஏரல் வழி பஸ்தான். உன் கல்லறை ஓரத்தில் மெர்சி ஒரு செடி வைத்திருக்கிறாளாம். உங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று தெரியும். இருந்தாலும் அதற்கு எங்கள் ஊர்த் தண்ணீரை ஊற்றுகிறேன், ஏளா.