எட்டாவது ஆள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து பேசாதவள் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஒரு பெயர் கேட்கத்தான்.

ஒத்தக்கடையில் நான் பாடம் எடுக்கும் கல்லூரிக்கு ஒரு பழைய ஐரோப்பியக் குறும்படம் மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஊமைப்படம். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தேநீர் குடிக்கிறது, அவ்வளவுதான். அதில் பெண்கள் எத்தனை, வெள்ளையர் அல்லாதவர் எத்தனை, யாருக்கெல்லாம் பெயர் உண்டு என்று படிவத்தில் நிரப்ப வேண்டும்.

மொத்தம் எட்டுப் பேர் என்று எழுதினேன். என் மாணவி ஆன்சி நான்கு தடவை ஓட்டிப் பார்த்தாள். "மேடம், ஏழு பேருதான் இருக்காங்க. கதவுகிட்ட யாருமே இல்லையே" என்றாள்.

கதவோரம் ஒரு கறுத்த சிறுமி நிற்கிறாள். முதல் நாள் முதுகு தெரிந்தது. நேற்று முகம் தெரிந்தது. கையில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. பாவாடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

வாடிப்பட்டி வீட்டில் கிறிஸ்துமஸ் போட்டோவுக்குப் புது ஷூ போட்டு நாம் நிற்போம். வீட்டு வேலைக்கு இருந்த அவள் நம் பழைய செருப்புகளைக் கையில் வைத்திருப்பாள். "ஏ பிள்ள, அங்கிட்டுப் போயி நில்லு. படத்துல விழுந்துராத" என்பாள் அம்மா.

கிணற்றைப் பற்றி எழுதமாட்டேன். அப்பாதான் அதை மூடிவிட்டாரே.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி. நம் வீட்டில் இருந்த மூன்று வருஷமும் அவளை 'பிள்ள' என்றே கூப்பிட்டோம். அவளோடு விளையாடியவள் நீ. அவள் பெயர் என்ன?

இன்று அவள் உதடு அசைகிறது. அவளும் அதைத்தான் கேட்கிறாள்.

உன் அக்கா