பாதிக்குப் பாதி ஆயில்

ரெனிதா கண்ணு, பையை வைத்துவிட்டு இப்படி உட்கார். உன் மாமியார் நான், இந்தச் சீட்டில் ஒரு சின்னக் கதை எழுதி வைத்திருக்கிறேன்.

உன் மாமாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் மாற்ற மெக்கானிக் தினேஷ் வந்தான். ஆவடி வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்று மாமா ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறார். கம்பெனிப் புத்தகத்தில் இருப்பது இளக்கமான ஆயில்தான் என்று உன் புருஷன் யூஜின் இன்னொரு டப்பா. இந்தச் சண்டையில்தானே அப்பாவுக்கும் பிள்ளைக்கும் எட்டு நாளாகப் பேச்சில்லை, நீங்களும் மாங்காட்டில் தனி வீடு பார்க்கிறீர்கள். தினேஷ் வந்த நேரம் அப்பா, பிள்ளை இரண்டு பேரும் வெளியே போயிருந்தார்கள்.

"எத்த ஊத்தட்டும், சொல்லும்மா?" என்றான்.

எதைச் சொன்னாலும் ஒருவர் தோற்பார். பாதிக்குப் பாதி ஊற்றச் சொல்லிவிட்டேன்.

"இன்னாம்மா, இது கொயம்பா?" என்று சிரித்தான். இஞ்சின் கெட்டுவிடுமா என்று கேட்டேன்.

"வண்டிக்கு ஒண்ணியும் ஆவாது. ரெண்டு பேரும் சேந்து உன்னத்தான் திட்டுவாங்கோ."

சேர்ந்து திட்டினால்கூடப் போதும்.

மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது. கார் சாவி அரிசி டப்பாவுக்குள். பயமாக இருப்பதால் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன்.

பி.கு.: போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த வீட்டில் இருந்தாலும், உன் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும், கண்ணு.