தீர்த்தன் ஆற்றில் ஒரு மீன்

மன்னார்புரம், திருச்சி
ஜூன் 9

அன்புள்ள மச்சானுக்கு, சுராயா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்களை நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும். இதைப் படித்து முடிக்கும்வரை பொறுமையையும் தரட்டும்.

தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், நான் நிறுத்திவிடுவேன். எதிர்வீட்டு முகம்மது கனி வெள்ளிக்கிழமை சவூதி வருகிறார், உங்கள் தம்மாமுக்கேதான். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மே மாதம் பத்து நாள் தஞ்சாவூரில் நம் மகள் சம்ரீன் வீட்டில் இருந்ததாகச் சொன்னேனே, அது பொய். நான் இமயமலையில் இருந்தேன்.

என் ஸ்கூலில் கூட வேலை பார்க்கும் பிரேமலதா டீச்சரும் அவர் கணவர் சிவசங்கரும் வருஷா வருஷம் குலு பக்கம் போய், கூடாரம் போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். இந்தத் தடவை நீங்களும் வாங்களேன் என்று டீச்சர் கூப்பிட்டார். உங்களிடம் கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. மலைக்கோட்டைக் கடைவீதியில் இந்த வெயிலில் ஸ்வெட்டர் தேடி வாங்கித் தந்தது சம்ரீன்தான். அவளைத் திட்டாதீர்கள்.

நிக்காஹ் முடிந்த வாரத்தில், பனிமலை காட்டுகிறேன் என்று சொன்னீர்கள். இருபத்து நாலு வருஷம் கழித்து, நீங்கள் இல்லாமல் பார்த்துவிட்டேன்.

ரயிலில் இரண்டு இரவு, பிறகு பஸ். தீர்த்தன் என்று ஒரு ஆறு, அதன் கரையில் எங்கள் கூடாரம். இடுப்பளவு ஆழத்திலும் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிகிறது. முதல் நாள் விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு ஒளு செய்யத் தண்ணீரில் கை வைத்தேன், விரல்கள் என்னுடையவைதானா என்று ஆகிவிட்டது. தொழுது முடித்து சலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினால், மலை உச்சியில் மட்டும் வெயில் பட்டு, பனி முழுக்க மாதுளை நிறம். கீழே நாங்கள் இன்னும் இருட்டில் இருக்கிறோம். இடப்பக்கம் திரும்ப மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை பெரிய ஒன்று, யாரும் பார்க்காத நாளிலும் தினமும் இப்படி நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

அங்கே ட்ரவுட் என்று ஒரு மீன். குளிர்ந்து ஓடும் தண்ணீரில்தான் அது வாழுமாம். சிவசங்கர் எனக்கும் சேர்த்து அனுமதிச்சீட்டு வாங்கியிருந்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் தூண்டிலை வீசவும் இழுக்கவும் சொல்லிக் கொடுத்தார். முழங்கால் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நின்றேன், ஒன்றும் இல்லை. கரையேறலாம் என்று திரும்பியபோது கையே பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு இழுப்பு. கால் வழுக்கி ஆற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். தூண்டிலை விட்டுவிடுங்க என்று டீச்சர் கத்துகிறார். நான் விடவில்லை மச்சான். இதற்கு முன் நான் விடாமல் பிடித்த விஷயம் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கரைக்கு வந்த மீனின் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளை வளையம். மருதாணி வைத்த மாதிரி. சுப்ஹானல்லாஹ் என்று சொன்னேன்.

நான் கொண்டுபோன மசாலாவைத் தடவி அங்கேயே பொரித்தோம். தட்டுகளில் பரிமாறும்போது பழக்கத்தில் தலையை உங்களுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டேன். பிறகு அதை யார் தட்டில் போடுவது என்று தெரியவில்லை. டீச்சர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

போன வாரம் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடப்போகிறேன் என்றீர்கள். நான் சரி என்றேன். அது சரி இல்லை. இத்தனை வருஷத்தில் நீங்கள் வீட்டில் இருந்ததைக் கூட்டினால் இருபத்தாறு மாதம். சம்ரீன் கல்யாணம் முடிந்தது, வீடு நமது. எனக்கு வயது நாற்பத்து நாலு. மாடி ஏறினாலே முட்டி வலிக்கிறது என்கிறீர்கள். அந்த மலையில் நடக்க இரண்டு முட்டியும் வேண்டும்.

பொய் சொன்னதற்கு என்ன திட்ட வேண்டுமோ திட்டுங்கள். போனில் வேண்டாம். நேரில் வந்து திட்டுங்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். அல்லாஹ் அந்தப் பேனாவை உங்கள் கையிலிருந்து விழ வைக்கட்டும்.

உங்கள்,
சுராயா